சுற்றிக்கொண்டிருக்கும் வரை

மறுபடியும் அந்தச் சத்தம். டக், டக், பிறகு நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்தாற்போல ஒரு சொடுக்கு, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததுதான் செல்வினை மேசைப் பக்கம் குனிய வைத்தது. நின்றுவிட்டதா. மேசைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நிற்கவில்லை, தூங்குகிற பூனையின் வயிற்றைத் தொட்டதுபோல ஒரு மெல்லிய அதிர்வு இருக்கிறது, உள்ளே தகடு சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. சுற்றட்டும், வேறெதுவும் வேண்டாம், சுற்றிக்கொண்டே இருந்தால் போதும். உள்ளங்கையில் அடங்குகிற கறுப்பு ஹார்ட் டிஸ்க், ஒரு மூலையில் சுரண்டிய ஸ்டிக்கரின் பிசின், அதற்குள்தான் மனைவி எமிமாளின் குரல் இருக்கிறது, அல்லது இருந்தது, இல்லை, இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் திரையில் நீளமாக ஒரு பட்டை. நகலெடுத்த இடமெல்லாம் பச்சை, படிக்க முடியாமல் தாண்டிப்போன இடம் சிவப்பு, இன்னும் தொடாத இடம் சாம்பல். பழைய டிஸ்க்கில் இருப்பதைத் துண்டு துண்டாகப் படித்துப் புது டிஸ்க்கில் எழுதுகிறது அந்த மென்பொருள், படிக்க வராத துண்டை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும், எல்லாம் முடிந்தபின் விட்டதை எடுக்கத் திரும்பி வரும். திரும்பி வரும் என்று சொன்னது மகள் பெர்சி, பெங்களூரிலிருந்து, போனில். காலையில் ஆரம்பித்தபோது பச்சை மட்டும்தான் வந்துகொண்டிருந்தது, வயல் வளர்வதைப் பார்ப்பதுபோல் அவர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் முதல் சிவப்பு, ஒரு கொசுக்கடி அளவு, சரி ஒன்றுதானே, அப்புறம் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று. இப்போது எண்ணுவதை விட்டுவிட்டார். ஒவ்வொரு சிவப்பும் எது என்று தெரியாததுதான் கொடுமை. அது எமிமாள் வாசித்த பத்தாம் வகுப்பு வரலாறாக இருக்கலாம், என்றோ எடுத்த கரண்ட் பில்லின் படமாக இருக்கலாம், அவள் ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு எடுத்துக்கொள்கிற அந்தச் சின்ன இடைவெளியாகக்கூட இருக்கலாம்.

இதை நிறுத்தவும் முடியாது, ஓடவிடவும் முடியாது. நேற்று உள்ளூர் வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் இருந்த சங்கரபாண்டி டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு உடனே வயரைப் பிடுங்கினான். "சார், படிக்கிற முனை போயிட்டு இருக்கு. இதை இன்னொரு தடவை ஓட்டினா ஓடும்னுதான் நினைக்கேன். ஆனா ஆஃப் பண்ணிட்டு மறுபடி போட்டா சுத்துமான்னு என்னால சொல்ல முடியாது. ஓட ஓட உள்ள கீறவும் செய்யலாம். சென்னைல திறந்து பாக்கிற லேப் இருக்கு, அனுப்புதீங்களா?" அனுப்புகிறேன் என்றுதான் செல்வின் நினைத்துக்கொண்டு வெளியே வந்தார். கூரியரில் போட்டால் அதை எறிவான், வண்டியில் தூக்கிப் போடுவான், குலுங்கும், நாமே ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனாலும் குலுங்காமல் இருக்குமா, கோவில்பட்டி தாண்டினால் அந்தப் பெட்டி ஆடுகிற ஆட்டம் தெரியாதா. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அனுப்புகிறேன் என்பது பார்க்கலாம் என்றாகி, பார்க்கலாம் என்பது நாமே ஒரு தடவை என்றாகியிருந்தது. ஆஃப் பண்ணினால் திரும்ப எழாமல் போகலாம். ஓடினால் ஓடுகிற ஓட்டத்திலேயே குரலைச் சுரண்டிச் சுரண்டித் தூளாக்கலாம். மின்வாரியத்தில் இருந்த காலம் முழுக்க எதுவானாலும் அவருக்கு ஒரே வழிதான், முதலில் லைனை ஆஃப் பண்ணு, அப்புறம் கை வை. இங்கே அதுவும் இல்லை. கை வைப்பதற்கே ஒன்றும் இல்லை. உட்கார்ந்து பார்க்கலாம், மேசைமேல் கையை வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்க்கலாம், அவ்வளவுதான், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்ததும் இப்படித்தான், அந்தப் பச்சைக் கதவு, அதன் வட்டக் கண்ணாடி வழியாக வெள்ளை வெளிச்சத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை, நர்ஸ் ஒருத்தி வந்து "எமிமாள் அட்டெண்டர்" என்று கூப்பிட்டபோது அது தன்னைத்தான் என்று அவருக்குப் புரியவே நேரமானது.

குரல்வளையை முழுசாக எடுத்தால்தான் ஆள் பிழைக்கும் என்றார் டாக்டர். எடுத்தார்கள். ஆள் பிழைத்தாள். கழுத்தின் அடியில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் இப்போது மூச்சு, அதன்மேல் பெர்சி தைத்துக் கொடுத்த மெல்லிய துணி. அதற்கு முன்பு அவள் வரலாற்று டீச்சர். பார்வையில்லாத பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்க ஆரம்பித்தாள், முதலில் ஒரு பையனுக்கு, பிறகு அவன் சொல்லி இன்னொருத்தி, பிறகு டவுனில் ஒரு சின்ன அறக்கட்டளை மூலமாக யார் யாருக்கோ. ஜன்னலில் மெத்தையைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்வை வழிய வழிய அவள் வாசிப்பாள், செல்வின் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்து பதிவு செய்வார். அறக்கட்டளையின் கம்ப்யூட்டரில் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் இருந்தது, மழை வெள்ளம் அந்தக் கட்டடத்தில் கழுத்தளவு ஏறி இறங்கியபோது அது போனது. சரி, நம்மிடம் இருக்கிறதே என்றாள் எமிமாள் அன்றைக்கு. ஆமாம், இருக்கிறதே என்றார் அவரும். போனில் எடுத்த பழைய வீடியோக்களையும் மாற்றி வைத்த இந்தக் கறுப்புப் பெட்டி அலமாரியில் பத்திரமாகத்தான் இருந்தது, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த மாதங்களில் யாரும் அதைத் தொடக்கூட இல்லை, கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை, யாரைக் குற்றம் சொல்வது, சும்மா இருந்து இருந்தே கெட்டுப்போயிருக்கிறது. பெர்சிதான் சொன்னாள், "அம்மா வாசிச்சது சுத்தமா கொஞ்ச நேரத்துக்கு இருந்தாப் போதும்ப்பா. அதை வச்சு அவங்க போன்ல டைப் பண்ணினா அவங்க குரல்லயே பேசுத மாதிரி செஞ்சிரலாம். இப்ப எல்லாரும் செய்தாங்க." அதைக் கேட்ட அன்றைக்கு அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை, சந்தோஷத்தில். மறுநாள் அலமாரியைத் திறந்து டிஸ்க்கை எடுத்துச் சொருகினார். டக், டக், சொடுக்கு.

எப்படி இருக்கும் அவள் குரல். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, பெர்சியிடமும் இல்லை. மறந்துகொண்டு வருகிறது. முதலில் அப்படியெல்லாம் ஆகாது என்றுதான் நினைத்தார், இத்தனை வருஷம் கேட்ட குரல், தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். மாடிப்படியில் நின்று சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, டேங்க் நிரம்பி வழியுது மோட்டார அமத்துங்க என்று சத்தம் போடுவாளே, அதை நினைத்துப் பார்க்கலாம். நினைத்தார். படி வந்தது, படியில் காய்ந்த பாசி வந்தது, தண்ணீர் சன்ஷேடில் விழுந்து தெறிப்பது வந்தது, அவள் வாய் அசைந்தது. மோட்டார அமத்துங்க. வார்த்தை இருக்கிறது, சத்தம் இல்லை. சத்தம் இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது, ர்ர்ர் என்று ஒரே சுருதியில் ஓடுகிற அந்த மெஷின். கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி, டார்ச் லைட் மாதிரி ஒன்று, பட்டனை அழுத்தித் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு வாயை அசைத்தால் அந்த ர்ர்ர் வார்த்தையாகிறது. கேள்வி கேட்டாலும் அதே சுருதி, கோபப்பட்டாலும் அதே சுருதி. சரி, வேறொன்றை நினைப்போம், பெர்சி பிறந்தபோது, குழந்தையின் நெற்றியைத் தடவிக்கொண்டு யாரைப்போல இருக்கா என்று கேட்டாளே. ர்ர்ர். கோயிலில் பாட்டு, கீர்த்தனையின் மேல்ஸ்தாயியில் குரல் கொஞ்சம் மெலிந்து அப்புறம் பிடித்துக்கொள்ளும், அது தெரியும், மெலியும் என்பது தெரியும், எப்படி மெலியும் என்பது. ர்ர்ர். செல்வின் தலையை உலுக்கிக்கொண்டார். தேடத் தேட அதிகமாகக் கெடுகிறதோ. ஒவ்வொரு தடவை எடுத்துப் பார்க்கும்போதும் மெஷின் இன்னும் கொஞ்சம் உள்ளே போய்விடுகிறதோ. அப்படியானால் நினைக்காமல் இருக்க வேண்டும், தொடாமல் வைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் நினைக்காமல் இருந்தால் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்.

தெருவில் பழைய இரும்பு வாங்குகிற ஆட்டோ வந்தது. பழைய பேப்பர், பழைய பிளாஸ்டிக், உடைஞ்ச டிவி, ஓடாத ஃபேன், ஒரு பெண்ணின் குரல், எப்போதோ எங்கேயோ யாரோ பேசிப் பதிவு செய்தது, ஊர் ஊராக எல்லா ஆட்டோவிலும் அதே பெண்தான். வெயிலிலும் மழையிலும் அது கரகரக்காமல் ஓடுகிறது. அந்தப் பெண் எங்கே இருக்கிறாளோ, அவள் வீட்டில் யாராவது இந்தச் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து பார்ப்பார்களோ. உடைஞ்ச டிவி, ஓடாத ஃபேன். ஆட்டோ திரும்பிப் போனபோது மின்விசிறி மெதுவானது. கரண்ட் போய்விட்டது. செல்வினின் கை தானாகப் போய் டிஸ்க்கின்மேல் பரவிக்கொண்டது, கையால் பிடித்தால் நிற்காதா என்ன. இன்வெர்ட்டருக்கு மாறியது. திரை அப்படியே இருந்தது. பச்சை கொஞ்சம் நகர்ந்தது. ஆமென் என்று வாய்விட்டுச் சொன்னார். எந்த லைனில் தகராறு, யார் டியூட்டியில் இருப்பான், போன் செய்து கேட்கலாமா, கேட்டால் மட்டும் என்ன. டிஸ்க் சுட்டது. காலையில் இவ்வளவு சூடு இல்லை. சின்ன மேசை விசிறியை இழுத்து அதன்மேல் காற்றுப்படும்படி வைத்தார், இன்வெர்ட்டர் தாங்குமா என்று பயந்து நிறுத்தினார், சூடு பயமுறுத்தவே மறுபடி போட்டார். பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் கொஞ்ச நேரம் ஓடும் என்று ஒருவன் இணையத்தில் எழுதியிருந்தான், அதைச் செய்தால் சாவுதான் என்று இன்னொருவன் அதற்குக் கீழேயே எழுதியிருந்தான், இருவருக்கும் நன்றி சொல்லி நாலைந்து பேர். மீனுக்குப் பக்கத்தில் இதை வைப்பதா. வைத்தால் ஓடுமா. வைப்பதற்கு ஆஃப் பண்ண வேண்டும். ஆஃப் பண்ணினால். அவர் அந்த இடத்துக்கு வந்து வந்து நின்றார், செக்கில் மாடு வருகிற மாதிரி.

பெர்சி கூப்பிட்டாள். "எவ்வளவு சிவப்புப்பா?" "கொஞ்சம்தான்." "போட்டோ எடுத்து அனுப்புங்க." அனுப்பினார். "அப்பா, இது கொஞ்சமா? ஆஃப் பண்ணிருங்க. நான் சனிக்கிழமை வாரேன், நானே கொண்டுபோய் லேப்ல குடுக்கேன்." "ஆஃப் பண்ணினா மறுபடி சுத்தாதுன்னு சொன்னானே." "சுத்தலேன்னாலும் அவங்க திறந்து எடுப்பாங்க. கீறிட்டா யாராலயும் எடுக்க முடியாது. கேக்கியளா?" கேட்டார். அவள் சொல்வது சரி. சரி என்று அவருக்குத் தெரிந்தது, வயரைப் பிடுங்க விரல்கூடப் போனது. அப்போது பச்சை நகர்ந்தது, தொடர்ச்சியாக, ஒரு சொடுக்குக்கூட இல்லாமல், நல்ல நாளில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்கிற நோயாளி மாதிரி. "இப்ப நல்லா ஓடுதும்மா, பெர்சி. இது ஓடுத வரைக்கும் விட்டுப் பாப்போம்." "அம்மா என்ன சொல்லுதாங்க?" அம்மாவிடம் கேட்கவில்லை. அம்மாவிடம் இந்த யோசனையைச் சொன்ன அன்றைக்கு அவள் போனில் ஒரே ஒரு வார்த்தை தட்டிக் காட்டினாள், பார்ப்போம் என்று. அவ்வளவுதான். அவள் மெஷினை வைத்துக்கொண்டு தெருவுக்குப் போகிறாள், மீன்காரியிடம் பேரம் பேசுகிறாள், எதிர் வீட்டுக் குழந்தை பயந்து அழுதபோது சத்தமே இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள். அந்த மெஷின் சத்தத்தைக் கேட்க முடியாதவர் அவர்தான். அவள் மெஷினை எடுக்கக் கையை நீட்டினாலே, காப்பியா, மருந்தா, கதவைச் சாத்தவா என்று இவரே முந்திக்கொண்டு கேட்டுவிடுவார், அவள் தலையை ஆட்டினால் போதும், பேச வேண்டாம். உதவி என்றுதான் தனக்குச் சொல்லிக்கொண்டார். "அப்பா? இருக்கியளா?" என்றாள் பெர்சி. "இருக்கேன். வச்சிருதேன்மா" என்று போனை வைத்தார்.

வைத்த கையோடு டிஸ்க் வேறொரு சத்தம் போட்டது. இதுவரை போடாத சத்தம், சன்னமாக, உலோகத்தின்மேல் நகம் இழுக்கிற மாதிரி. பட்டையில் சிவப்பு ஒரேயடியாக ஓடியது, துண்டு துண்டாக இல்லை, கோடாக, பச்சைக்கு அடுத்து சாம்பலாக இருந்ததெல்லாம் கண்முன்னால் சிவந்துகொண்டே போனது. ஐயோ, நிறுத்து, இப்போது நிறுத்து, வயர் எங்கே, வயரைப் பிடித்தார், பிடித்தபடியே இருந்தார், இன்னும் ஒரு பச்சை வந்தாலும் வரலாமே. சத்தம் மெல்ல மெல்லக் கீழிறங்கி, இறங்கி, ஒரு பெருமூச்சு மாதிரி அடங்கிற்று. மேசைமேல் உள்ளங்கையை வைத்தார். மரம். வெறும் மரம். டிஸ்க்கைத் தூக்கிக் காதில் வைத்தார். வயரைக் கழற்றி மாட்டினார், வேறு துளையில் மாட்டினார், வேறு வயரில் மாட்டினார், செய்யக்கூடாது என்று தெரிந்த எல்லாவற்றையும் செய்தார். அது சின்ன ஓட்டுத்துண்டு மாதிரி சும்மா இருந்தது. இனி யார் திறந்து என்ன. பிடுங்கியிருக்கலாம், பெர்சி சொன்னபோது பிடுங்கியிருக்கலாம், விரல் போயிற்றே, போன விரல் ஏன் நின்றது. இதுவரை பச்சையாக வந்ததில் ஏதாவது தேறுமா என்று புது டிஸ்க்கில் தேடச் சொன்னார். மென்பொருள் தேடியது. பெயர்கள் எல்லாம் போய் வெறும் எண்களாகக் கோப்புகள் வந்து விழுந்தன. பெரும்பாலும் படங்கள், பாதிக்கு மேல் சாம்பல் பூசியவை, ஒரு கல்யாண வீட்டின் மேல்பாதி, தலை இல்லாத ஒரு நாய்க்குட்டி. ஒலிக்கோப்பு என்று வந்தவை சில. ஒன்று திறக்கவில்லை, அடுத்தது திறக்கவில்லை. அதற்கடுத்தது திறந்தது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டார். ஒன்றும் இல்லை. சத்தத்தைக் கூட்டினார். ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது, ஒரு அறை இருந்தது. தூரத்தில் காக்கை. மெத்தை சாத்திய ஜன்னலுக்கு அப்பால் ஒரு பைக் போனது. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் அறையின் சும்மா சத்தத்தைக் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்வார், அதை மாதிரியாகக் காட்டினால்தான் கம்ப்யூட்டர் இரைச்சலை மட்டும் நீக்கித் தரும். அதற்காகக் கையைத் தூக்கி, பேசாமல் இரு என்று சைகை காட்டுவார், எமிமாள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அந்த நேரம்தான் இது. மூச்சு கேட்டது. மூக்கு வழியாக, கொஞ்சம் அடைப்போடு, உள்ளே, வெளியே, மறுபடி உள்ளே. எச்சில் விழுங்கினாள். தாளை நீவினாள். உதடு பிரிகிற சின்ன ஓசை, இதோ, இப்போது, "பா" என்று ஒரு எழுத்து, பாடம் என்று சொல்ல வந்திருப்பாள், பா, அதோடு கண்ணாடிச் சில்லைக் கொட்டினாற்போல இரைச்சல், கடைசி வரை இரைச்சல். செல்வின் திரும்ப ஓட்டினார். பா. அது அவள்தானா என்றுகூடச் சொல்ல முடியவில்லை, யாரும் பா என்று சொல்லலாம், அவ்வளவு சின்னது. மறுபடி ஓட்டினார். நிமிர்ந்தபோது எமிமாள் வாசற்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. மேசைமேல் கிடந்த டிஸ்க்கைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், மெஷினைக் கழுத்துக்குக் கொண்டுபோனாள். "போச்சா?" அவர் ஹெட்போனைக் கழற்றி நீட்டினார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கேட்டாள். இரைச்சல் வந்ததும் முகத்தைச் சுளித்தாள், மறுபடி போடுங்க என்று விரலைச் சுழற்றினாள். இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாம் தடவை அவள் கை மெல்ல எழுந்து மூக்குக்கு வந்தது. நுனியைத் தொட்டாள், மூக்குத் துளைக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள், அங்கே காற்று எதுவும் வராது, இப்போது கழுத்தில்தான். விரலை எடுக்காமலே மற்றக் கையால் மெஷினை வைத்துக்கொண்டாள். "மூக்கு வழியா விட்டிருக்கேன்" என்றாள், வேறு யாரோ செய்ததைச் சொல்வதுபோல. மறுபடி போடச் சொன்னாள். போட்டார். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்குக் கரிந்த வாசம் வந்தது. அடுக்களையில் ஏதோ அடிப்பிடிக்கிறது, கூட்டாக இருக்கும், அடுப்பில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அவளுக்கு வாசம் தெரியாது, மூக்கில் காற்றே ஏறாதபோது எப்படித் தெரியும், வீட்டுக்கே இப்போது அவர் மூக்கு ஒன்றுதான். எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் நாற்காலி சத்தம் போடும், அவள் கண்ணைத் திறந்துவிடுவாள். பெரிய விஷயம் இல்லை, ஒரு சட்டிதானே, இன்னும் ஒரு மூச்சு, அவள் உள்ளே இழுக்கிற இந்த மூச்சு முடியட்டும், இது முடிந்ததும், விழுங்குகிறாள் இப்போது, தாளை நீவுகிறாள். புகை நிலைப்படியைத் தாண்டி மெல்ல உள்ளே வந்தது. அவர் கை மேசைமேல் கிடந்தது, அதை அவரால் எடுக்க முடியவில்லை. எமிமாள் கண்ணைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், அவர் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் திரும்பினாள், ஹெட்போனைப் பிடுங்கி மேசையில் போட்டாள். "கரியுதா?" "ஆமா." "எவ்வளவு நேரமா?" "கொஞ்ச நேரமா." "சொல்ல வேண்டாமா?" என்றாள் மெஷினில், அதே ஒற்றைச் சுருதியில், அவர் பதில் சொல்வதற்குள் எழுந்து அடுக்களைக்கு ஓடினாள். அடுப்பு அணைகிற சொடுக்கு கேட்டது, சட்டி தொட்டியில் விழுந்தது, தண்ணீர் சீறியது. அங்கிருந்தே அவள் ஏச ஆரம்பித்தாள். ஒரு மனுஷன் மூக்கை வச்சிக்கிட்டு, என்றது மெஷின். அப்புறம் நின்றது. சட்டியைச் சுரண்டுகிற சத்தம். சுரண்ட இரண்டு கையும் வேண்டும், பேச ஒரு கை வேண்டும். வீடே எரிஞ்சாலும் அப்படியே, என்றது, மறுபடி நின்றது, மறுபடி சுரண்டல். வழக்கம்போல மிச்சத்தை அவரே சொல்லி முடித்திருப்பார், தப்புதான், மறந்துட்டேன், விடு என்று. இப்போது சொல்லவில்லை. செத்துப்போன டிஸ்க்குக்குப் பக்கத்தில் கையை வைத்தபடி, அவள் கை ஒழிந்து கழுத்துக்குப் போவதற்காக, வாக்கியத்தின் மிச்சத்துக்காக, செல்வின் காத்துக்கொண்டிருந்தார்.